பொறிக்கு முன் நிற்கும் உடல்

(கெலமங்கலத்தில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ராகிக் கொல்லைக்கு அப்பால் ஆலைக் கூரைகள் தெரிகின்ற ஊர் இது. காலையில் ஓசூர்ச் சாலையில் நின்றால், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து ஆலைப் பேருந்தில் ஏறக் காணலாம். நாள் முழுதும் பொறிகளோடு உறவாடும் மக்கள் நீங்கள். அந்த உறவில் யார் யாருக்காக வளைவது? இக்கேள்விக்கு ஜெய்ப்பூரில் ஒரு கைவினைஞர் விடை கண்டார்.

செயற்கைக் காலைவிட உடலுக்கு நெருக்கமான கருவி வேறேது? மேல்நாட்டு முறைப்படி அமைந்த கால் நல்லதுதான், நாற்காலியில் அமர்பவனுக்கு! காலணி அணிபவனுக்கு! நம் நாட்டு உழவனோ வெறுங்காலோடு சேற்றில் இறங்குபவன், சம்மணமிட்டு உண்பவன், குந்தியிருந்து களை பறிப்பவன். கணுக்கால் வளையாத அந்தக் காலை மூலையில் போட்டுவிட்டு மீண்டும் ஊன்றுகோலை எடுத்தான். அவனைக் குறை கூறுவது எளிது. ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையின் டாக்டர் பி. கே. சேத்தி, காலிலே குறை தேடினார்.

அங்கே ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞர் இருந்தார். ஏட்டுப் படிப்பு குறைவு. கண்ணும் விரலும் கற்றவை மிகுதி. அவரும் மருத்துவர்களும் சேர்ந்து 1968-இல் உருவாக்கியதே ஜெய்ப்பூர் கால். உள்ளே பஞ்சு போன்ற ரப்பரும் மரக்கட்டையும். மேலே, டயர்ப் பட்டறைக்காரர் அறிந்த முறையில் சூடேற்றி இறுக்கிய ரப்பர். பாதம் பல பக்கமும் வளையும். விரல் வடிவும் தோல் நிறமும் உண்டு. நிறம் எதற்கு என்று கேட்பார் உளர். எதிரே வருபவர் பார்வை தன் காலிலே போய் நிற்கலாகாது என்ற மானம் ஏழைக்கும் உண்டே! அதை அளவுகோல் அறியாது, கைவினைஞன் அறிவான். காப்புரிமை வாங்கி அதை எவரும் பூட்டி வைக்கவுமில்லை. யாழ்ப்பாணத்தில் போரிலே காலிழந்த தமிழரும் அக்காலால் நடந்தனர்.

தமிழ்க் குடும்பத்துப் பெண் சுதா சந்திரன், 1981-இல் திருச்சி அருகே நேர்ந்த விபத்தினால் வலக்காலை இழந்தார். 1984-இல் ஜெய்ப்பூர் காலுடன் பம்பாய் மேடையில் பரதம் ஆடினார். அடவின் அதிர்ச்சியைத் தாங்குமா? அரைமண்டியில் நிற்குமா? ஆய்வுக்கூடம் கேட்டிராத கேள்விகளை ஆடும் உடல் கேட்டது.

இனி நம் ஆலைக்கு வருவோம். 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், கட்டைவிரல் போனால் பொருளீட்டும் திறனில் 30 விழுக்காடு போயிற்று என்று கணக்கிட்டது. சுட்டுவிரல் முழுதும் போனால் 14. அந்தப் பணத்தைப் போராடியேனும் பெறுவோம். ஆனால் மகளுக்குத் தலை பின்னும் விரலுக்கு, மேளம் தட்டும் விரலுக்கு அப்பட்டியலில் தனி இடமில்லை.

விரல் போகாதிருக்க வழியுண்டு. இரு கைகளாலும் இரு பொத்தான்களை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்னும் அமைப்பு பழையதே. வேகம் குறைகிறதென்று ஒரு பொத்தானைக் கட்டி வைப்பார் உளர், அது கொடுமை. அந்தப் பொத்தான் எட்டாத உயரத்தில் இருப்பது மற்றொரு கொடுமை. ஆடவர் உயரத்துக்கு அமைத்த மேசையில் ஒரு பெண் தோளைத் தூக்கியபடியே எட்டு மணி நேரம் நிற்கிறாள் என்றால், மேசை தவறு என்று சொல்ல அவள் தோளைவிட வேறு சான்று வேண்டுமா?

அடுத்த ஊதியப் பேச்சின் கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேருங்கள்: புதுப் பொறியை நிறுவுமுன், அதில் நிற்கப் போகிறவர் ஒரு வாரம் இயக்கிப் பார்க்க வேண்டும், அவர் கூறும் மாற்றத்தை நிர்வாகம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். “பொறியமைப்பு எங்கள் வேலை” என்பர். ஜெய்ப்பூர்க் கதையை அங்கே சொல்லுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் பெயரை விட்டுவிடாதீர்கள். பொறிக்கு மிக அருகில் நிற்பவர் பெரும்பாலும் அவர்களே.