விவியன் தாமஸ் நின்ற இடம்



அறிவியல் தனி ஒருவர் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிப்பதா, பலர் கூடிச் செய்வதா என்று கேட்கிறார்கள். பலர் கூடித்தான் செய்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. கூடிச் செய்த வேலையில் யார் பெயர் எழுதப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

1944 நவம்பர் 29. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. பிறவி இதயக் குறைபாட்டால் நுரையீரலுக்குப் போதிய ரத்தம் போகாமல் உடம்பெல்லாம் நீலம் பாரித்த ஒரு பெண் குழந்தை. கைக்குப் போகும் ரத்தக்குழாயை நுரையீரலுக்குப் போகும் குழாயோடு இணைத்துத் தைக்க வேண்டும். அறுவை செய்தவர் ஆல்ஃபிரட் பிளாலாக். ரத்தத்தைக் கூட்ட வழி உண்டா என்ற கேள்வியை அவரிடம் கொண்டுவந்தவர் குழந்தைகள் இதய மருத்துவர் ஹெலன் டௌசிக். பெண் என்பதால் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம் பெற முடியாதவர் அவர். பிளாலாக்குக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று, தோளுக்கு மேலாகப் பார்த்து, தையல் எப்படிப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார் விவியன் தாமஸ் என்ற கறுப்பர்.

ஏனென்றால் அந்த அறுவையை நாய்களில் திரும்பத் திரும்பச் செய்து முறைப்படுத்தியவர் தாமஸ்தான். குழந்தையின் சிறு குழாய்க்கு ஏற்ற ஊசியையும் அவரே தயாரித்தார்.

அவர் தச்சு வேலை தெரிந்தவர். படிப்புக்குச் சேர்த்த பணம் வங்கி திவாலானதில் போயிற்று. 1930-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளாலாக்கின் ஆய்வகத்தில் சேர்ந்தார். செய்தது ஆய்வு, பதிவேட்டில் துப்புரவுப் பணியாளர், சம்பளமும் அதற்கானது. துப்புரவு வேலை இழிவு என்று நான் சொல்லவில்லை, இந்த அரங்கில் அதை விளக்கவும் தேவையில்லை. கறுப்பர் செய்யும் எந்த வேலைக்கும் அந்த ஒரு பெயர்தான் இருந்தது என்கிறேன். பிளாலாக் கொடியவர் அல்ல. தாமஸ் அறுவை அறையில் இருந்தே ஆக வேண்டும் என்று நின்றவர் அவர். ஆனால் அவர் வீட்டு விருந்துகளில் கூடுதல் வருமானத்துக்காக மது ஊற்றிக் கொடுத்தவரும் தாமஸ்தான். 1945-இல் வெளிவந்த கட்டுரையில் பிளாலாக், டௌசிக் என்று இரண்டே பெயர்கள். அறுவைக்கும் அந்தப் பெயர்களே நிலைத்தன. தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் 1976-இல் வந்தது, அதுவும் சட்டத்தில்! இப்போதுதான் பலர் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

சாதி உழைப்பை மட்டுமல்ல, உழைப்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். ஆய்வகத்துக்குள்ளும் அந்த அடுக்கு இருக்கிறது. யோசிப்பவர் மேலே, கையால் செய்பவர் கீழே. தாமஸின் கை யோசித்துக்கொண்டுதான் இருந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆய்வு செய்த இடத்தில் கருவி பழுதானால் சரிசெய்தவர் ஓர் உதவியாளர். பத்தாம் வகுப்பு வரை படித்தவர், நம் ஆள். அளவு தப்பாக வருவதை எனக்கு முன்பே கண்டுபிடித்துச் சொன்னார். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியர்கள் பெயரை எல்லாம் எழுதிவிட்டு, "மற்றும் ஆய்வக ஊழியர்கள்" என்று முடித்தேன். பைண்டிங் முடிந்து அவரிடம் காட்டியபோது, அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார். பிறகு, "நல்லா வந்திருக்கு தம்பி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.