பட்டணத்து வெப்பமும் நம் கடமையும்



தோட்டப்புற மக்களுக்கு வெயில் புதிதன்று. ஆயினும், தோட்டத்தில் வாழ்ந்த குடும்பங்கள் பல இன்று பட்டணத்து அடுக்குமாடி வீடுகளில் குடியேறியுள்ளன. ஆகவே, பட்டணத்து வெப்பத்தைப் பற்றிச் சில கூற விழைகின்றேன்.

நம் நாட்டில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை 40.1 பாகை செல்சியஸ் ஆகும். 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் மாநிலத்துச் சுப்பிங்கில் அது பதிவாயிற்று. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் பெர்லிசிலும் கெடாவிலும் கடும் வெப்பத்தால் பள்ளிகள் மூடப்பட்டன. ஓரிடத்தில் நாளின் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்கள் 37 பாகையைத் தாண்டினால், வானிலை ஆய்வுத் துறை அதனை வெப்ப அலையெனக் கருதுகின்றது.

பட்டணத்தில் வெப்பம் மிகுவதேன்? மரம் தன் இலைகளின் வழியே நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கின்றது. சிமெண்டுச் சுவரும் தார்ச்சாலையுமோ பகலெல்லாம் வெயிலை உண்டு, இரவில் அதனைக் கக்குகின்றன. வாகனங்களும் குளிரூட்டும் இயந்திரங்களும் தம் வெப்பத்தை வீதியில் கொட்டுகின்றன. அதனால் இரவிலும் உடல் ஓய்வு பெறுவதில்லை. முதியோரையும் நோயாளிகளையும் இது பெரிதும் வருத்துகின்றது.

இந்தியாவின் அகமதாபாத் நகரில் 2010 மே மாதத்தில் வெப்பம் 46.8 பாகையை எட்டியது. அம்மாதம் வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்டோர் கூடுதலாக மாண்டனர். அத்துயரின் பின், 2013இல் அந்நகரம் ஒரு வெப்பத் தடுப்புத் திட்டத்தை வகுத்தது. முன்னெச்சரிக்கை, மருத்துவ ஊழியர்க்குப் பயிற்சி, பொதுவிடங்களில் குடிநீர் ஆகியவை அதில் அடங்கும். எளியோர் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் பணியும் பின்னர்ச் சேர்ந்தது. இத்திட்டத்தால் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் காக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். பெரும் பொருட்செலவின்றியே பேருதவி செய்ய இயலும் என்பதற்கு இது சான்றாகும்.

தோட்டத்து அனுபவமும் நமக்கு ஒரு பாடம் கூறுகின்றது. விடியற்காலையிலேயே பெரட்டுக்குச் சென்று பால்மரம் சீவியது ஏன்? குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு வடியும். வெயிலின் போக்கறிந்து வேலைநேரத்தை வகுத்த அவ்வறிவு பட்டணத்துக்கும் வேண்டும். கட்டட வேலையும் சாலை வேலையும் செய்வோர்க்கு நண்பகலில் நிழலும் நீரும் ஓய்வும் கிடைத்தல் அவசியம்.

வீட்டு மட்டிலும் நாம் செய்யக்கூடியவை உண்டு. தகரக் கூரைக்கு வெள்ளை வண்ணம் பூசலாம். மேற்குப் புறத்தில் நிழல்மரம் நடலாம். தாகம் எடுக்குமுன்னரே நீர் அருந்தலாம். வெயிலால் ஒருவர் குழப்பமுற்றாலோ மயங்கினாலோ உடனே 999 எண்ணை அழையுங்கள். அவரை நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடலை நீரால் நனைத்து விசிறுங்கள். நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

இறுதியாக ஒன்று. லயத்து வாழ்வில் ஒரு வீட்டுத் துன்பம் அடுத்த வீட்டுக்குத் தெரியாமற் போனதில்லை. அடுக்குமாடியிலும் அப்பண்பு தொடர வேண்டும். வெயில் கடுமையாக இருக்கும் நாள்களில், தனித்து வாழும் அண்டைவீட்டு முதியவரின் கதவைக் காலையும் மாலையும் தட்டிப் பாருங்கள். அதனால் ஓர் உயிர் பிழைக்கக் கூடும்.