ஆறு கலங்கினால் யாருக்கு மீன்?

(விவசாயிகள் சங்கக் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு ஒரு பழமொழியை வைத்துப் பேசப் போகிறோம். நம்ம பழமொழி இல்லை, ஸ்பெயின் தேசத்துக்காரர்கள் சொல்வது. அவர்கள் பாஷையில் "அ ரியோ ரெவ்வெல்தோ, கனான்சியா தே பெஸ்கதோரெஸ்" என்பார்கள். ஆறு கலங்கினால் மீன் பிடிக்கிறவனுக்கு லாபம் என்று அர்த்தம். 'குழம்பின குட்டையில் மீன் பிடிக்கிறான்' என்று நாமும் சொல்கிறோமே, அதே சங்கதிதான். ஆனால் நாம் அதை வசவாக மட்டும் சொல்கிறோம். அவர்கள் எச்சரிக்கையாகவும் சொல்வார்கள். பல சமயம் முழுசாகக்கூடச் சொல்வதில்லை. "ஆறு கலங்கிருச்சுன்னா..." என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். மிச்சம் கேட்கிறவனுக்கே தெரியும்.

தண்ணி கலங்கினால் மீனுக்குக் கண் தெரியாது. சரி, பிடிக்கிறவனுக்கு மட்டும் தெரியுதா? அவனுக்கும்தான் தெரியாது. ஆனால் அவன் கையில் வலை இருக்குது. அந்த வலையை அவன் வெள்ளம் வந்த அன்றைக்கு உட்கார்ந்து பின்னவில்லை. இதை நாம் கவனிக்கணும்.

ஸ்பானிய மொழி பேசுகிற இன்னொரு நாடு மெக்சிகோ. அங்கே விவசாயிகளுக்கு நடந்ததைச் சொல்கிறோம்.

1982-ல் மெக்சிகோ அரசு தனியார் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியது. 1991, 92-ல் அதே அரசு 18 வங்கிகளையும் திரும்பத் தனியாருக்கு விற்றது. புது முதலாளிகள் கடனை வாரி இறைத்தார்கள். டிராக்டருக்குக் கடன், மோட்டாருக்குக் கடன், மாட்டுக்குக் கடன். வாங்கினவர்கள் சோம்பேறிகள் இல்லீங்க, விளைய வைத்துக் கட்டலாம் என்று நம்பினவர்கள். 1994 ஜனவரி 1-ந் தேதி அமெரிக்கா, கனடாவோடு போட்ட தடையில்லா வர்த்தக ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. அதே நாளில் சியாபாஸ் மாநிலத்தில் பழங்குடி மக்கள் ஆயுதம் எடுத்தார்கள். மார்ச்சில் ஆளுங்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைச் சுட்டுக் கொன்றார்கள். பணக்காரன் எல்லாம் பணத்தை டாலராக்கி வெளியே எடுத்தான். டிசம்பர் 20-ந் தேதி அரசு பெசோவின் மதிப்பைக் குறைத்தது. மூன்றரை பெசோ கொடுத்தால் ஒரு டாலர் என்று இருந்தது, சில மாதத்தில் ஏழு பெசோ ஆயிருச்சு. ஆறு கலங்கியாச்சு.

கடன் வட்டி எழுபது, எண்பது சதம் என்று ஏறியது. கட்ட முடியாத வட்டியை முதலோடு சேர்த்து, அதற்கும் வட்டி போட்டார்கள். வாங்கினது ஒரு மடங்கு, நோட்டில் இருப்பது மூன்று மடங்கு. மக்காச்சோளத்தின் விலை மட்டும் அந்த அளவுக்கு ஏறவில்லை. டிராக்டரை ஜப்தி பண்ண ஆள் வந்தது, நிலம் ஏலத்துக்கு வந்தது.

மீன் யாருக்கு? வங்கிகள் முழுகாமல் காப்பாற்ற 'ஃபோபாப்ரோவா' என்று ஒரு நிதி இருந்தது. எப்போது ஏற்படுத்தினது? 1990-ல். நாலு வருஷம் முன்னாடியே வலை தயார்! வங்கிகளின் வாராக்கடனை அந்த நிதி எடுத்துக்கொண்டது. வங்கி முதலாளிகள் தங்கள் சொந்தக் கம்பெனிகளுக்குக் கொடுத்த கடனும் அதில் இருந்தது பின்னால் நடந்த தணிக்கையில் வெளியே வந்தது. 1998 டிசம்பரில் பாராளுமன்றம் சட்டம் போட்டு மொத்தத்தையும் மக்கள் தலையில் வைத்தது. அப்போது கணக்கு 55,200 கோடி பெசோ. விவசாயியின் கடனை வங்கி நோட்டிலிருந்து அரசு தூக்கிக்கொண்டதே, விவசாயிக்குத் தள்ளுபடி ஆச்சா? இல்லை. அந்த நிதிக் கடன் இன்றைக்கும் அடைந்து தீரவில்லை.

அப்படிக் காப்பாற்றின வங்கிகளை அப்புறம் வெளிநாட்டானுக்கு விற்றார்கள். 2000-ல் ஒன்றை ஸ்பெயினின் பி.பி.வி.ஏ. வங்கி பிடித்தது, இன்னொன்றை ஸ்பெயினின் சாந்தாந்தேர் வங்கி வாங்கியது. 2001-ல் பனாமெக்ஸ் வங்கியை 1,250 கோடி டாலருக்கு அமெரிக்காவின் சிட்டிகுரூப் வாங்கியது. விற்பனை பங்குச்சந்தை வழியாக நடந்ததால் வரி கிடையாது. ஸ்பெயின் பழமொழிக்கு உதாரணம் தேட ஸ்பெயினுக்கே போக வேண்டியதில்லை பாருங்க.

இதோடு விட்டால் நாம் கதை சொன்னவர்கள் ஆவோம். இன்னொரு வலையும் இருந்தது.

1993 ஆகஸ்டு. பெசோ விழுவதற்குப் பதினாறு மாதம் முன்னாடி. ஹலிஸ்கோ மாநில விவசாயிகள் டிராக்டர்களை ஓட்டிக்கொண்டு போய் குவாதலஹாரா நகரத்துச் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். வாரக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். சகதேகாஸ் மாநிலத்திலும் கிளம்பினார்கள். சங்கத்துக்கு 'எல் பர்சோன்' என்று பேர் வைத்தார்கள். பர்சோன் என்றால் ஏர்க்காலை நுகத்தடியோடு சேர்க்கிற வார். அந்தப் பேரில் ஒரு பழைய நாட்டுப்பாட்டு உண்டு. அதில் வார் அறுந்துபோகும், பண்ணையார் கணக்கில் கூலியாளின் கடன் மட்டும் அறாது. பேர் வைத்தவன் கெட்டிக்காரன்.

அவர்கள் கோஷம்: "கடன் வாங்கினதை மறுக்கலை, நியாயமானதைக் கட்டுறோம்." கட்டவே மாட்டோம் என்று சொல்லியிருந்தால் ஊர் காறித் துப்பியிருக்கும். கணக்கு எங்கே, வட்டிக்கு வட்டி எந்தச் சட்டப்படி என்று கேட்டார்கள். வக்கீல்களை வைத்து வழக்குப் போட்டார்கள். ஜப்திக்கு ஆள் வந்தால் ஊரே வாசலில் கூடி நிற்கும், வந்தவன் திரும்பிப் போவான். 1995-ல் நகரத்தில் வீட்டுக் கடன்காரர், சின்ன வியாபாரி, டாக்சி ஓட்டுகிறவர் எல்லோரும் தத்தளித்தபோது, போய்ச் சேர ஒரு சங்கம் ஏற்கெனவே நின்றது. அவர்களும் சேர்ந்தார்கள். கலங்கின ஆற்றில் அவர்களுக்கு அகப்பட்ட மீன் இந்த ஜனங்கள்தான். பெசோ விழுந்த பிறகு சங்கம் ஆரம்பித்திருந்தால் உறுப்பினர் சீட்டு அச்சடிப்பதற்குள் பாதி நிலம் ஏலம் போயிருக்கும்.

எல்லாம் ஜெயித்தார்கள் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டோம். 1998 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வட்டியை முதலோடு சேர்ப்பது செல்லும் என்று வங்கிகள் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தலைவர்களுக்குள் பிளவும் வந்தது. ஆனாலும் நின்றுபோன ஏலங்கள் நின்றுபோனவைதான். அரசும் வங்கிகளும் கடன் சலுகைத் திட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தது இந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான்.

அதனால் ஊரில் ஒரு குழப்பம் வரும்போது, 'ஐயோ காலம் கெட்டுப்போச்சு' என்று உட்காராமல், கலக்கினது யார், முன்கூட்டியே வலையோடு நிற்கிறது யார் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அவசரமாக ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டு வீட்டுக்கு ஆள் வந்தால், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, ஆறு கலங்கிருச்சுன்னா..." என்று பாதி சொன்னால் போதும், அவர் புரிந்துகொள்வார்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது கடன் பாஸ்புக், கட்டின ரசீது, வந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். வட்டி எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்ப்போம்.