பிழை சொல்லும் முறை

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் மிளகு மூட்டை ஒன்றைத் தரம் பார்ப்பதாகக் கொள்வோம். ‘மூட்டை தேறவில்லை’ என்று மட்டும் சொன்னால் வியாபாரி என் செய்வார்? ‘ஈரம் நூற்றுக்கு 11 பங்கு வரை இருக்கலாம், இதில் 13 இருக்கிறது’ என்றாலோ, மிளகை மீண்டும் வெயிலில் உலர்த்துவார்.

கணிப்பொறிக்கு இடும் கட்டளைத் தொகுப்பை நிரல் என்கிறோம். நிரல்களைத் தரம் பார்க்கவும் சோதனைக் கருவிகள் உள்ளன. கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997-இல் உருவாக்கிய ஜேயூனிட், எதிர்பார்த்த விடையையும் கிடைத்த விடையையும் சேர்த்தே காட்டும். பைத்தான் மொழிக்குரிய பைடெஸ்ட் என்னும் கருவியும் அவ்வாறு செய்து வந்தது. 2011-இல் அம்முறையை மேலும் திருத்தமாக்கிற்று.

ஆயினும் தமிழுக்கு இது போதாது. ‘கொச்சி’ என்னும் சொல்லையே பாருங்கள். கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே அறியும். அவ்வெண்களை வகுத்துள்ள ஒருங்குறியில், ‘கொ’வின் ஒகரக் குறியை 3018 என்னும் ஒரே எண்ணால் எழுதலாம், ஒற்றைக் கொம்புக்கு 3014, துணைக்காலுக்கு 3006 என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ முதற் சொல்லில் 6 குறிகள், மற்றதில் 7. சோதனை எழுதியவர் ஒரு விதமாகவும், பெயரைப் பதிந்தவர் வேறு விதமாகவும் எழுதியிருந்தால், கருவி இப்படிச் சொல்லக் கூடும்: ‘எதிர்பார்த்தது கொச்சி, கிடைத்தது கொச்சி.’ கருவிக்குப் பித்துப் பிடித்து விட்டது என்று நிரலாளர் அதை ஒதுக்கிவிடக் கூடும்.

அந்நிரல் ஒரு முகவரிப் பதிவேட்டில் ஏறி விட்டால், இங்கு வாழும் தமிழர் ஒருவர் தம் ஊர்ப்பெயரை இட்டுத் தேடும்போது ‘அத்தகைய பதிவு இல்லை’ என்னும் விடை வரும். பதிவு இருக்கிறது, அவருக்குத்தான் கிடைப்பதில்லை. ஓய்வூதியம் அதில் சிக்கினால் அலைச்சல் யாருக்கு?

கருவி சொல்ல வேண்டியது இது: ‘தோற்றம் ஒன்று, உள்ளெண் வேறு. இரண்டாம் இடத்தில் 3018 வேண்டும். 3014, 3006 வந்துள்ளன. ஒரே வடிவுக்கு மாற்றிய பின் ஒப்பிடுக.’ இது இயலாத காரியமன்று. இவ்விரு வடிவமும் சமமே என்று ஒருங்குறி விதியே கூறுகிறது. மாற்றித் தரும் வசதியும் பைத்தானில் ஆயத்தமாக உள்ளது.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நாம் ‘செல்லாத உள்ளீடு’ போன்ற வாசகங்களை எவ்வளவு நயமாகத் தமிழாக்கினாலும், மூலத்தில் இல்லாத காரணத்தை வரவழைக்க இயலாது. அதை நிரலாளரே எழுதியாக வேண்டும்.

மட்டாஞ்சேரி என்னும் பெயருக்கு இத்தொல்லை இல்லை. கொல்லம், கோயம்புத்தூர், போடி ஆகியவற்றுக்கு உண்டு. உங்கள் பெயரிலோ ஊரிலோ ஒகரக் குறியோ ஓகாரக் குறியோ இருந்து, பதிவு காணவில்லை என்று விடை வந்தால், வேறொரு விசைப்பலகையால் தட்டிப் பாருங்கள்.