இழு, வலி, ஈர்: ஏரிக்கரைப் பிள்ளைகளின் சொற்கள்

(பழவேற்காடு பகுதி ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழவேற்காட்டு மீனவக் குப்பங்களிலிருந்து வரும் பிள்ளைக்கு ‘இழு’ என்ற சொல்லின் பொருளை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. கரைவலையின் கயிற்றைப் பலர் சேர்ந்து இழுப்பதையும், படகை மணலில் ஏற்றுவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. ஆனால் அறிவியல் பாடத்தில் ‘இழுவிசை’ என்ற சொல் வந்ததும் அதே பிள்ளை வாய்மூடி உட்கார்ந்துவிடுகிறது. கரைக்கும் வகுப்பறைக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு வழி சொல்கிறேன்.

நங்கூரத்திலிருந்து தொடங்குவோம். நமது ஏரி ஆழம் குறைந்தது. நங்கூரம் போட்டால் சேற்றில் பிடித்துக்கொள்ளும். முகத்துவாரம் தாண்டி ஆழ்கடலுக்குப் போனால் கயிறு தரைக்கு எட்டாது. அங்கே இயந்திரம் நின்றுபோனால் காற்று படகைக் குறுக்கே திருப்பிவிடும். பக்கவாட்டில் பேரலை அடித்தால் படகு கவிழலாம். அதற்காகவே கடல் நங்கூரம் இருக்கிறது. தடித்த துணியாலான கூம்பு அது. அகன்ற வாய் படகை நோக்கியிருக்கும். வால் பக்கம் சிறு துளை. படகின் முன்பக்கமான அணியத்தில் கயிறு கட்டி நீரில் விட்டால், கூம்பு நீரை அள்ளிக்கொண்டு பின்தங்கும். படகு அலைக்கு முகம் கொடுத்து நிற்கும். காற்றோடு போகும் வேகமும் குறையும். விரித்துவிட்ட செவுள்வலையின் முனையைப் படகில் கட்டியிருக்கும்போது அந்த வலையும் ஓரளவு இதே வேலையைச் செய்கிறது.

இந்தக் கருவிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘கடல் நங்கூரம்’. பிரெஞ்சுக்காரர் ‘மிதக்கும் நங்கூரம்’ என்கிறார்கள். ஜெர்மானியருக்கு அது ‘நீரோடு போகும் நங்கூரம்’. பொருள் ஒன்று, ஒவ்வொரு மொழியும் அதன் ஒவ்வொரு பக்கத்தைப் பார்த்திருக்கிறது.

இழுத்தலும் அப்படித்தான். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அங்கே தெலுங்கில் இழுப்பதற்கு ‘லாகு’; தரையோடு இழுத்துச் செல்வதற்கு ‘ஈட்சு’. கன்னடத்தின் ‘எளெ’ நமது ‘இழு’வுக்கு உடன்பிறப்பு. மலையாளத்தில் ‘வலிக்குக’ என்றாலே இழுத்தல். நாம் அந்தப் பொருளைத் ‘துடுப்பு வலித்தல்’ போன்ற வழக்குகளில் காப்பாற்றி வைத்திருக்கிறோம். 1613இல் இங்கே கெல்திரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரரின் மொழியில் ‘திராகன்’ என்றால் சுமத்தல். அதற்கு உறவான ஆங்கில ‘டிராக்’ தரையோடு இழுத்தலைக் குறிக்கிறது. ஒரே உறவில் பிறந்த சொற்களில் ஒன்று சுமையைத் தோளில் ஏற்றியது; மற்றொன்று தரையில் விட்டது.

இப்போது பாடத்துக்கு வருவோம். கயிறு விறைத்து நிற்கும்போது அதில் உள்ளது இழுவிசை. நகரும் பொருளை நீர் தடுத்துப் பின்னுக்குப் பிடிப்பது இழுவை. இரண்டும் ‘இழு’விலிருந்து பிறந்தவை, அதனால்தான் மாணவர் குழம்புகிறார்கள். கடல் நங்கூரத்தில் இரண்டையும் தனித்தனியே காட்டலாம்: கூம்பில் இழுவை, கயிற்றில் இழுவிசை.

செலவில்லாத செயல்பாடு ஒன்று. அகன்ற தொட்டியில் நீர் நிரப்பி, ஒரு சிறு மரப்படகை மிதக்கவிட்டு அட்டையால் விசிறுங்கள். படகு திரும்பித் திரும்பி ஓடும். பிறகு துணிக்கூம்பை நனைத்து, நூலால் அதன் அணியத்தில் கட்டி நீரில் விட்டு, மீண்டும் விசிறுங்கள். என்ன மாறியது என்று பிள்ளைகளே தங்கள் சொற்களில் சொல்லட்டும். தொடக்க வகுப்பில் அதுவே மொழிப்பாடம். உயர்நிலை வகுப்பில் விசைகளை அம்புக்குறியிட்டு வரையச் சொல்லலாம்.

அப்போது வரும் சொற்களைக் ‘கொச்சை’ என்று ஒதுக்க வேண்டாம். கரும்பலகையின் ஒரு பாதியில் அவற்றை எழுதுங்கள். மறுபாதியில் பாடநூல் சொல்லை எழுதுங்கள். தெலுங்கு பேசும் பிள்ளையின் சொல்லுக்கும் அங்கே இடம் கொடுங்கள். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வீட்டில் என்ன பெயர் என்று பெரியவர்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கடலில் காற்று மாறும்போது தகப்பன் மகனுக்குச் சொல்லும் எச்சரிக்கை அந்தச் சொற்களில்தான் இருக்கிறது. பள்ளி அவற்றை மதிக்காவிட்டால் பிள்ளைகள் அவற்றைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். ஒரு தலைமுறையில் அவை மறைந்துபோகும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு பள்ளியும் தன் பிள்ளைகள் தந்த பத்துச் சொற்களோடு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.