பூதியின் மகள்

கொடும்பாளூர் என்று சொன்னால் போதும், நம் பக்கத்துப் பிள்ளைகள் வானதி என்று முடிக்கிறார்கள். கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலும் அண்மையில் வந்த இரண்டு படங்களும் அந்தப் பெயரை அப்படிப் பதியவைத்துவிட்டன. நாவலை நாவலாக ரசிக்கட்டும், மறுப்பில்லை. ஆனால் மணப்பாறைக்குக் கிழக்கே, திருச்சி மதுரைச் சாலையை ஒட்டியிருக்கும் அந்த ஊரை ஆண்ட இருக்குவேளிர் குலத்தில் பிறந்து, தான் எடுப்பித்த கோயிலிலேயே தகப்பன் பெயரைக் கல்லில் விட்டுப்போன ஒரு பெண்ணை மறந்திருக்கிறோமே, அதுதான் பொறுக்கவில்லை. அவர் பெயர் பூதி ஆதிச்ச பிடாரி. காதில் நிற்கட்டும் என்று மறுபடி சொல்கிறேன்: பூதி ஆதிச்ச பிடாரி.

திருச்சியிலிருந்து கரூர் சாலையில் போனால், ஜீயபுரம் பக்கம், காவிரித் தென்கரையில் திருச்செந்துறை. அங்குள்ள சந்திரசேகரர் கற்கோயில் இவர் எடுத்தது. கல்வெட்டு இவரை மூன்று உறவுகளால் அடையாளம் காட்டுகிறது. தென்னவன் இளங்கோவேளாரின் மகள், அரிகுலகேசரியின் தேவி, அந்த அரிகுலகேசரி சோழ மன்னரின் மகன். மன்னர் முதலாம் பராந்தகர். ஆட்சி 907 முதல் 955 வரை. அரிகுலகேசரி பின்னால் அரிஞ்சயன் என்று அரியணை ஏறியவர் என்பதே பெரும்பாலோர் முடிவு. இனி பெயரைப் பிரித்துப் பாருங்கள். முன்னால் நிற்கும் பூதி தகப்பன் பெயர். தென்னவன் இளங்கோவேளாகிய மறவன் பூதி என்று வேறு கல்வெட்டுகள் அவரைச் சொல்கின்றன. அங்கே மறவன் என்பது பாட்டன் பெயர். ஆக, மறவன், மறவன் பூதி, பூதி ஆதிச்ச பிடாரி. மூன்று தலைமுறையும் பெயருக்குள்ளேயே இருக்கிறது. தகப்பன் பெயரை முன்னால் வைக்கும் வழக்கம் நம் இனிஷியலில் இன்றும் இருப்பதால், இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. ஆதிச்ச என்பது ஆதித்த என்பதன் வேறு வடிவம். பராந்தகரின் தகப்பன் முதலாம் ஆதித்த சோழன் மீதிருந்த மரியாதையில் வைத்த பெயராக இருக்கலாம். இது என் ஊகம்தான்.

ஒரு தடை சொல்வார்கள். கொடும்பாளூர் மூவர் கோயிலில் வேளிர் வம்சாவளியே வடமொழியில் வெட்டப்பட்டிருக்கிறதே, அதிலிருந்து தொடங்கினால் என்ன என்று. அந்தக் கல்வெட்டின் தொடக்கம் சிதைந்து கிடக்கிறது. அது பாடும் பூதி விக்கிரமகேசரி, சமராபிராமனுக்கும் சோழ இளவரசி அனுபமைக்கும் பிறந்தவர். மனைவியர் கற்றளி, வரகுணை. மகன்கள் இருவர் பெயர் உண்டு, மகள் பெயர் இல்லை. போரில் மகிழ்பவன் என்னும் சமராபிராமனும் மறவனும் பொருளால் ஒன்றுதானே, ஆகவே விக்கிரமகேசரிதான் பிடாரியின் தகப்பன் என்று இணைப்பவர்கள் உண்டு. இணைப்பு அழகாக இருக்கிறது, காலம்தான் சிலர் கணக்கில் இடிக்கிறது. விக்கிரமகேசரி வீரபாண்டியனை வென்றதாகப் பாடப்படுவதால், அந்தப் பாண்டியன் சுந்தர சோழனோடு போரிட்டவன் என்று கொண்டு, வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் அவரை அரிஞ்சயனின் மகனான சுந்தர சோழன் காலத்தில் வைத்தார். எஸ்.ஆர். பாலசுப்பிரமணியம் முதலாம் ஆதித்தன் காலத்துக்கு முன்தள்ளினார். பின்னவர் சொல்வதே சரி என்பது என் கட்சி. பராந்தகர் ஆளும்போதே அவர் மகனுக்கு மனைவியாக இருந்தவரின் தகப்பன், அதற்கு அடுத்தடுத்த ஆட்சிகளைத் தாண்டிச் சுந்தர சோழனுக்காகப் போர்க்களத்தில் நின்றிருப்பது எளிதில் ஒப்பக்கூடியதல்ல. ஆனால் சாஸ்திரியார் சொன்னதே சரியென்றாலும் பிடாரியின் மரபு அசையாது. பூதி என்ற பெயரில் இருவர் இருந்தார்கள் என்றுதான் ஆகும். மூவர் கோயில் பிரசஸ்தி, அதாவது புகழ்ப்பாட்டு, பரம்பரையைப் புகழ வெட்டியது. திருச்செந்துறைக் கல் தானத்துக்குச் சாட்சியாக வெட்டியது. சாட்சிக் கல்லில் தகப்பன் பெயர் தப்பாது. இங்கிலாந்தில் இடைக்காலப் பிரபுக் குடும்பத்துப் பெண்களின் பிறப்பைத் தேடுகிறவர்களும் புகழ்ப்பாட்டை விட்டுவிட்டு, நிலம் யாருக்குச் சேரும் என்று அரசர் விசாரித்த பதிவுகளைத்தான் புரட்டுகிறார்கள்.

இன்னொன்று. ராஜராஜனின் பாட்டி இவர்தான் என்று பெருமைக்காகச் சிலர் சேர்த்துவிடுகிறார்கள். ராஜராஜனின் தகப்பன் சுந்தர சோழன். அவரது தாய் வைதும்ப குலத்துக் கல்யாணி என்று அன்பில் செப்பேடு தெளிவாகச் சொல்கிறது. பிடாரிக்கு அந்தக் கடன் பெருமை வேண்டாம். கொடும்பாளூருக்குக் கார் எடுத்துப் போகிறவர்கள் திரும்பும் வழியில் திருச்செந்துறைக்கும் போய்வாருங்கள். பிள்ளைகளைச் சுவரருகே நிறுத்தி அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.