பூச்சி மாத்திரையும் கொல்லைப்புற மண்ணும்



ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் நினைவாக நடக்கும் சொற்பொழிவில் வயிற்றுப் பூச்சியைப் பற்றியா பேசுவது என்று சிலர் முகம் சுளிக்கலாம். வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையை மருத்துவருக்கு முன்பே பார்ப்பவர் ஆசிரியர்தானே? பூச்சியால் இரத்தம் குன்றி முகம் வெளுத்து, சுவரைச் சுரண்டித் தின்ற பிள்ளைகளை ‘மந்தம்’ என்று கடைசி வரிசைக்கு அனுப்பியதும் நம் பள்ளிகள்தாம்.

பூச்சி என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். நாக்குப்பூச்சி எனப்படும் உருண்டைப்புழு, சாட்டைப்புழு இரண்டின் முட்டைகளும் அழுக்கு விரலோடும் கழுவாத கீரையோடும் வாய்க்குள் போகின்றன. கொக்கிப்புழுவுக்கு வாய் வேண்டியதில்லை. மலம் கலந்த ஈரமண்ணில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத இளம்புழுவாக வெறுங்காலின் தோலைத் துளைக்கிறது. இரத்தத்தோடு நுரையீரல் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலைக் கவ்விக்கொள்கிறது. ஒரு புழு ஒரு நாளில் குடிக்கும் இரத்தம் சில சொட்டுக்கு மேல் இராது. நூறு புழுக்கள், வருடக்கணக்கில் என்றால்? முருங்கைக்கீரை சமைத்துப் போடும் தாய்க்கு, அந்தச் சத்தில் பங்கு கேட்க உள்ளே ஆள் இருப்பது தெரியாது.

இதையெல்லாம் நூறாண்டுக்கு முன்பே பார்த்துவிட்டோம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1916இல் ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் துணையோடு கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. மருந்து குடித்தவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன தமிழர். கினோபோடியம் எண்ணெய் கொடுத்தார்கள், பேதிக்கும் கொடுத்தார்கள். புழு விழுந்தது. மறுநாள் அதே வெறுங்கால், அதே தேயிலைத் தூரின் நிழல், அதே ஈரமண். தொழிலாளர் வசித்த லயங்களுக்குக் கக்கூசு கட்டத் தோட்டத் துரைமார் பலருக்கு மனம் வரவில்லை, செலவு என்றார்கள். புழு திரும்பி வந்தது.

இன்றைய மருந்து அந்த எண்ணெயைவிட எவ்வளவோ மேல். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில், 1 வயது முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள்: 400 மில்லிகிராமில் ஒரே மாத்திரை, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாதி. கொக்கிப்புழுவும் நாக்குப்பூச்சியும் இதற்கு அடங்கும். சாட்டைப்புழு அவ்வளவாக அடங்காது. திட்டத்தைக் குறைசொல்ல நான் வரவில்லை. இவ்வளவு மலிவாக இவ்வளவு பிள்ளைகளை எட்டும் மருத்துவம் அபூர்வம்.

ஆனால் கொக்கிப்புழு பெரியவர்களிடம்தான் அதிகம் தங்கும். பேரன் பள்ளியில் மாத்திரை மெல்லுகிறான். தாத்தா வரப்போரம் ஒதுங்குகிறார். அதனால்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் எல்லா வயதினருக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அது நல்ல சோதனைதான். இருந்தாலும், வயிற்றுப் புழுவைக் கொல்லும் மாத்திரைக்குக் கொல்லைப்புறத்து இளம்புழு எட்டாது. கழிப்பறை கட்டிய வீடுகளில்கூட அதில் விறகு அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் இல்லாத இடத்தில் யார்தான் போவார்கள்?

எதிரே தலைமையாசிரியர்கள் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். வரும் பிப்ரவரி 10ஆம் தேதி, குடற்புழு நீக்க நாளன்று, மாத்திரைப் பெட்டியைப் பிரிக்கும் முன், பிள்ளைகளின் கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கதவைத் திறந்து, குழாயை ஒருமுறை திருகிப் பாருங்கள்.